மஞ்சள் விளக்கின் கட்சிக்காரர்

அசையாத முள் ஒன்று என்னைச் சில காலமாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. லண்டனில் நண்பர் ஒருவர் பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருக்கிறார். செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அதன் டேஷ்போர்டில் எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு மீட்டர் உண்டு. எஞ்சினைப் போட்டதும் முள் எழுந்து நடுவில் போய் நின்றுகொள்ளும். குளிர்காலக் காலையில் எண்ணெய் கெட்டியாகக் கிடக்கும்போதும் அதே இடம்தான். நெடுஞ்சாலையில் எஞ்சின் 9,000 சுற்றை நெருங்கி அலறும்போதும், சூடேறிப்போய் சிக்னலில் நின்று முனகும்போதும் முள் இம்மி நகராது. எண்ணெய் அழுத்தம் அப்படி இருக்கவே முடியாது. சுற்று ஏறினால் ஏறும், எண்ணெய் சூடாகி இளகினால் இறங்கும். அதுதான் அதன் இயல்பு. விசாரித்தால், அந்த மீட்டருக்குப் பின்னால் அழுத்தத்தை அளக்கும் கருவி ஏதும் இல்லை, வெறும் சுவிட்ச்தான் இருக்கிறது என்றார்கள். ஏதோ ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வந்துவிட்டால் சுவிட்ச் மாறும், முள் நடுவுக்குப் போகும். முள்ளின் வேடம் போட்ட விளக்கு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். இதே நிறுவனம் 1989இல் கொண்டுவந்த எம்எக்ஸ்-5இல் முதலில் உண்மையான மீட்டர் இருந்தது. 1995 மாடலிலிருந்து அங்கும் இந்த வேஷதாரி வந்து உட்கார்ந்துவிட்டது. சிக்னலில் முள் இறங்குவதைப் பார்த்துப் பயந்து வாடிக்கையாளர்கள் சர்வீஸ் சென்டருக்கு ஓடிவந்ததுதான் காரணம் என்று அந்தக் கார் வைத்திருப்பவர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. உள்ளதைக் காட்டினால் கலவரப்படுகிறார்கள், ஆறுதலைக் காட்டிவிட்டுப் போவோம் என்று யாரோ ஒரு மேசையில் முடிவெடுத்திருக்க வேண்டும். தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள்ளும் பெரும்பாலான கார்களில் இந்த ஜாதிதான். சூடு பத்துப் பன்னிரண்டு பாகை ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே தியானத்தில் இருக்கும். அசையத் தொடங்கும்போது அநேகமாகக் காரியம் கைமீறியிருக்கும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு டேஷ்போர்டைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. ஒரு விளக்கு எந்தக் கம்பியோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்தக் கம்பியை மட்டுமே அதற்குத் தெரியும். கம்பியின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்பது நம்முடைய ஊகம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்தது இதுதான். அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலோ அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. அந்த விளக்கு வால்வோடு கட்டப்பட்டதல்ல, வால்வுக்குப் போகும் ஆணையோடு கட்டப்பட்டது. ‘மூடு’ என்று ஆணை போய்விட்டது, ஆகவே விளக்கு அணைந்தது; வால்வு திறந்தே கிடந்தது. உலையைக் குளிர்விக்க வேண்டிய நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறிக்கொண்டிருந்தது, உலையின் மையம் பாதி உருகியது. அனுபவமுள்ள ஆட்கள் அங்கே அணைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். கார் விஷயத்தில் இத்தனை பெரிய விபரீதம் இல்லை என்றாலும் ஏமாற்றம் அதே வகையைச் சேர்ந்தது. பழைய கார்ச் சந்தையில் இதைத் தெரிந்தே செய்கிறவர்களும் உண்டு. பழுதான ஏர்பேக்கின் விளக்கைக் கழற்றிவிட்டால் சாவியைத் திருப்பும்போது அது எரியாமல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அதன் கம்பியைப் பேட்டரி விளக்கின் கம்பியோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். சாவியைத் திருப்பினால் இரண்டும் ஒன்றாக எரியும், எஞ்சின் போட்டதும் இரண்டும் ஒன்றாக அணையும். அந்தச் சோடி ஒற்றுமையைச் சந்தேகிக்க ஒரு பயின்ற கண் வேண்டும்.

சிவப்பு விளக்குகளோடு எனக்குப் பெரிய வழக்கு இல்லை. எண்ணெய்க் குப்பி சிவப்பாக எரிந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே பேச்சுக்கு இடமில்லை. என்னைக் குழப்புவது எஞ்சின் வடிவத்தில் எரியும் அந்த மஞ்சள் விளக்கு. ஆர்எக்ஸ்-8இல் அது இன்னும் விசித்திரம். அந்தக் காரில் பிஸ்டனே கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு, நீள்வட்டம் போன்ற கூடுகளுக்குள் சுழலும் வாங்கெல் எஞ்சின் அது, மொத்தம் 1,308 சிசி. அதில் எரிவதோ ஒரு பிஸ்டன் எஞ்சினின் நிழலுருவம். விளக்கு இந்தக் காரைப் பார்த்து வரையப்படவில்லை என்பது அதன் உருவத்திலேயே இருக்கிறது. அது பிறந்த இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். 1950களில் அந்த நகரத்தின் மேல் கவிந்து கண்ணெரிய வைத்த புகைமண்டலம் எங்கிருந்து வருகிறது என்று ஆரீ ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார். காரின் புகைக்குழாயிலிருந்து வரும் எரியாத பெட்ரோலும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வெந்து ஓசோனாக மாறுகின்றன என்றார். பின்னால் கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியத்துக்கு அவரே முதல் தலைவர் ஆனார். கார் தன் புகையைத் தானே கண்காணித்துத் தன்மேல் தானே புகார் எழுத வேண்டும் என்ற விதி அங்கே 1988 மாடல்களில் தொடங்கி, 1996இல் அமெரிக்கா முழுவதற்கும் ஓபிடி-2 என்ற ஒரே முறையாக ஆனது. ஐரோப்பாவின் பெட்ரோல் கார்களுக்கு 2001, இந்தியாவுக்கு 2013. ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கும் இடத்தில் இருக்கும் பதினாறு முனைச் செருகி அந்தச் சட்டத்தின் வாசல். புகையின் கேடு அனுமதித்த வரம்பைப் பொதுவாக ஒன்றரை மடங்கு தாண்டக்கூடும் என்று தோன்றினால் விளக்கு எரிய வேண்டும். சட்டம் கேட்பது இதைத்தான். காரை வாங்கியவருடைய எஞ்சின் நன்றாக இருக்கிறதா என்பது அதன் கேள்வியே அல்ல.

இந்த இடத்தில்தான் என் சங்கடம் ஒரு வடிவத்துக்கு வந்தது. மஞ்சள் விளக்கை நம்முடைய வக்கீல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது காற்றின் வக்கீல். அதன் கட்சிக்காரர் ஊரின் மூச்சு, நான் எதிர்க்கட்சி. அப்படிப் பார்த்தால் அதன் நடவடிக்கைகள் எல்லாம் சட்டென்று புரிபடத் தொடங்குகின்றன. அமெரிக்கக் கார்களில் பெட்ரோல் டேங்கின் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் எஞ்சின் விளக்கு எரியும். எஞ்சினுக்கும் மூடிக்கும் என்ன சம்பந்தம் என்று ஓட்டுகிறவர் திகைப்பார். ஆவியாகும் பெட்ரோல் காற்றில் கலக்கிறது, வக்கீலுக்கு அதுவும் வழக்குதான். பெரும்பாலான பழுதுகளுக்கு இரண்டு பயணங்களில் அடுத்தடுத்து ஒரே சாட்சி கிடைத்தால்தான் விளக்கு எரியும். மூன்று பயணங்கள் குற்றமில்லாமல் கழிந்தால் அணைந்துவிடும், ஆனால் வழக்குக் கட்டு மூடப்படுவதில்லை. எஞ்சின் நாற்பது முறை குளிர்ந்து சூடாகும் வரை குறியீடு நினைவில் கிடக்கும். பழுது கண்டுபிடிக்கப்பட்ட கணத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, தண்ணீரின் சூடு என்ன, வேகம் என்ன, பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ விட்டுக்கொண்டிருந்தது என்று ஒரு வாக்குமூலமும் உறைந்த நிலையில் பதிவாகும். ஆயிரம் ரூபாய் ஸ்கேனர்கூட அதைப் படித்துவிடும். குறியீட்டை மட்டும் படித்துவிட்டு வாக்குமூலத்தை விட்டுவிடுகிற மெக்கானிக்குகள்தான் அதிகம்.

குறியீட்டின் கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பி0420 என்று ஸ்கேனரில் வருகிறது. முதல் எழுத்து எஞ்சின், கியர் பக்கம் என்கிறது. சுழியம் என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு. நான்கு என்றால் புகைக்கட்டுப்பாடு. விளக்கம், ‘கேட்டலிஸ்ட்டின் திறன் வரம்புக்குக் கீழே’. படித்ததும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வருவது இயல்பு. கம்ப்யூட்டர் உண்மையில் பார்த்தது வேறு. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிற சரக்கு. அது உயிரோடு இருந்தால் பின் சென்சாரின் வோல்ட்டேஜ் ஓரிடத்தில் ஓய்வாக ஓடும். சரக்கு தீர்ந்துபோனால் அந்த எண் 0.1க்கும் 0.9க்கும் இடையே மேலும் கீழும் குதிக்கும். போன் திரையில் அந்தக் குதிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சிரைக்கிற ஒருவரின் நெஞ்சைப் பார்ப்பது போலிருக்கும். கம்ப்யூட்டர் பார்த்தது இந்தக் குதிப்பை மட்டும்தான். ஆர்எக்ஸ்-8இல் இதன் வேர் பெரும்பாலும் கன்வெர்ட்டரில் இருப்பதில்லை. ரோட்டருக்கு இரண்டாக மொத்தம் நான்கு இக்னிஷன் காயில்கள் அதில் உண்டு. அவை சூட்டில் வெந்து மெல்ல வலுவிழக்கும். பொறி சரியாக விழாததால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாத சூடு எஞ்சினுக்கே திரும்பும். காயிலை விட்டுவிட்டுக் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். நியாயமாகப் பார்த்தால் விளக்கு இதற்கு முன்பே பேசியிருக்கும்: இப்படிப் பொறி தவறும் மிஸ்ஃபயர் நடக்கும்போது அது நிலையாக எரிவதில்லை, மின்னும். மின்னினால் கன்வெர்ட்டர் இப்போதே சேதமாகிறது, காலை எடு என்று அர்த்தம். அந்த மின்னல் சில விநாடிகளில் நின்றுவிட்டால், அப்பாடா என்று ஓட்டிக்கொண்டு போய்விடுகிறோம்.

இதற்கு நேர்மாறான விளக்கும் அதே டேஷ்போர்டில் இருக்கிறது. ஆர்எக்ஸ்-8இன் கூலண்ட் குறைந்தால் எரிய வேண்டிய விளக்கு. கூலண்ட் தொட்டியில் மிதக்கிற அதன் சென்சார் வயதானால் கெட்டுப்போவது அந்தக் கார்க்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த சங்கதி. தொட்டி நிறைய இருந்தாலும் விளக்கு எரியும். முதல் வாரம் மூடியைத் திறந்து பார்ப்பார்கள், இரண்டாம் வாரம் சலிப்பார்கள், பிறகு அந்த விளக்கு எரிவது வீட்டில் ஓடும் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிடும். சிலர் சென்சாரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி வாயடைத்துவிடுவார்கள். ரோட்டரிக் கூடுகளுக்கு இடையே கூலண்ட்டைத் தடுத்து நிறுத்தும் சீல்கள் உண்டு; அவை விட்டுப்போனால் கூலண்ட் உண்மையாகவே குறையும், எஞ்சினைப் பிரிக்க வேண்டி வரும். பொய்யும் நிஜமும் ஒரே மஞ்சளில், ஒரே சின்னத்தில் எரிகின்றன. தவறாக அலறும் விளக்கு, எரியாத விளக்கைவிடக் கெடுதலோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எரியாத விளக்கு நம்மை ஏமாற்றுகிறது, தவறாக எரிவது அலட்சியத்தைப் பழக்குகிறது. ஆனால் இதில் எனக்கே முழு உறுதி இல்லை. பொய்யலறலுக்குப் பழகியவரும் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை விடாமலிருந்தால் பிழைத்துக்கொள்கிறார்.

வக்கீலின் வழக்குக் கட்டுக்குள் சேராத நோய் ஒன்று உண்டு, அந்தக் காரைக் கொல்வதும் அதுதான். ரோட்டரின் மூன்று முனைகளிலும் கத்திபோல மெல்லிய சீல்கள் கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடும். அவை தேய்ந்தால் அழுத்தம் போகும். குளிர்ந்த எஞ்சின் போட்டவுடன் எழும்பும். சூடான எஞ்சினை அணைத்துவிட்டுச் சற்று நேரத்தில் போட்டால் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு விழும். அழுத்தம் குறைவு என்று சொல்ல அதில் சென்சார் இல்லை, குறியீடும் இல்லை. நிறுவனம் இதை ஒப்புக்கொண்டதுகூடக் காகிதத்தில்தான்: வட அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையான மாடல்களுக்கு எஞ்சின் வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டியது. நண்பர் தன் காரை வாங்குமுன் வேறோர் ஆர்எக்ஸ்-8ஐப் பார்த்தார். கிழக்கு லண்டனில், ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவரிடம் அதைக் கொண்டுபோயிருந்தோம். ஸ்கேனரைச் செருகினார், ஒரு குறியீடும் இல்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு ரோட்டரின் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றினார். பெட்ரோலை அடைத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். பிளக் இருந்த துளையிலிருந்து காற்று விட்டுவிட்டு வெளியே வந்தது. முக்கோணத்தின் மூன்று முகங்களும் மூன்று மூச்சு விட வேண்டும். அவர் கையைத் துளையின் அருகே வைத்துக்கொண்டு, “கேளுங்கோ அண்ணை. ரெண்டு நல்லா வருது. மூண்டாவது இல்லை,” என்றார். எனக்கும் கேட்டது: புஃப், புஃப், பிறகு ஒரு வெற்றிடம், மறுபடி புஃப், புஃப். “கம்ப்யூட்டரில் ஒன்றும் காட்டலையே தம்பி?” என்றேன். “அதுக்கு இது கேக்காது அண்ணை. வேண்டாமெண்டு சொல்லுங்கோ,” என்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். முறையான சோதனைக்கு ரோட்டரிக்கென்றே தனி அழுத்தமானி வேண்டும். பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண மானி மூன்று முகங்களில் எது உயர்ந்ததோ அதை மட்டும் காட்டி, செத்த முகத்தை மறைத்துவிடும். அங்கும் அந்த அசையாத முள்ளின் கதைதான் தொடர்கிறது.

அன்று அந்தக் காரின் டேஷ்போர்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. துடைக்கப்பட்டும் இருக்கலாம். எந்த ஸ்கேனரிலும் ‘அழி’ என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் குறியீடு, உறைந்த வாக்குமூலம், விளக்கு எல்லாம் போய்விடும்; பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் இதேதான். ஆனால் அழித்தவரின் கைரேகை அங்கே தங்கிவிடுகிறது. கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றைக் கார் தனக்குத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ஒரு பட்டியல் உண்டு. அழித்தவுடன் அது முழுக்க ‘முடியவில்லை’ என்று மாறிவிடும். குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி, நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் பலவிதமாக ஓடிய பிறகே ஒவ்வொன்றாக ‘முடிந்தது’ ஆகும். அமெரிக்காவில் 2010 மாடல்களிலிருந்து, ஸ்கேனரால் அழிக்கவே முடியாத நிரந்தரக் குறியீடுகளும் வந்தன. பிரிட்டனின் வருடாந்தர எம்ஓடி சோதனை 2018 மே மாதத்திலிருந்து, மஞ்சள் விளக்கு எரிந்தால் பெயில் என்கிறது. பெட்ரோல் கார்களில் 2003 ஜூலைக்குப் பின் வந்தவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் அங்கே செருகியில் எதையும் செருகிப் பார்ப்பதில்லை, விளக்கை மட்டும் பார்க்கிறார்கள். எனவே சோதனைக்குப் போகும் வழியில் அழித்துவிட்டுப் போகிறவர்களுக்குச் சட்டமே வழிவிட்டு நிற்கிறது. அந்தக் காரை விற்பவரின் முகத்தையும் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. “விளக்கு எதுவும் எரியலை, பாருங்க,” என்றுதான் சொன்னார்.

அப்படியானால் எல்லாவற்றையும் காட்டிவிடுவதுதான் நியாயமா? இதிலும் என் மனம் ஒரு பக்கம் சாய மறுக்கிறது. நண்பர் இப்போது புளூடூத் ஸ்கேனர் ஒன்றை நிரந்தரமாகச் செருகிவைத்திருக்கிறார். தண்ணீர் 94 பாகை, 97, 101 என்று எண்கள் ஓடுகின்றன. போக்குவரத்து நெரிசலில் எண் ஏற ஏற அவர் முகம் மாறுகிறது, ஃபேன் ஓடி எண் இறங்கியதும் பெருமூச்சு விடுகிறார். சாலையைவிட போனை அதிகம் பார்க்கிறார். 1995இல் முள்ளுக்கு வேஷம் கட்டியவர்கள் இவரைப் போன்றவரைத்தான் மனதில் வைத்திருப்பார்கள், அவர்களை முழுதாகக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. ஆனாலும் காட்டுவதற்கு வேறொரு வழி இருந்தது என்பதற்கு உதாரணம் இருக்கிறது. பிஎம்டபிள்யூவின் பழைய எம்3இல், 2000இல் வந்த அந்த மாடலில், சுற்றுமானியைச் சுற்றிச் சின்ன மஞ்சள் விளக்குகள் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் பல விளக்குகள் எரிந்து குறைந்த சுற்றிலேயே வேலி போடும். எண்ணெய் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணைந்து வேலி மேலே நகரும். எண்ணெயின் நிலையை எண்ணாகச் சொல்லிப் பயமுறுத்தவில்லை, நடுவில் நின்று ஆறுதலும் சொல்லவில்லை. இப்போதைக்கு இதுவரை மிதிக்கலாம் என்று ஓட்டுகிறவரிடம் பேசுகிறது. அந்த விளக்குக்குக் கட்சிக்காரர் ஓட்டுகிறவர். மற்ற விளக்குகள் அப்படியில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், அவற்றோடு சண்டையும் வேண்டாம், அவற்றைக் கும்பிடவும் வேண்டாம். காற்றுக்காக வாதாடும் வக்கீலை நான் மதிக்கிறேன். அந்தக் காற்றைத்தான் நானும் சுவாசிக்கிறேன். அவர் என் எஞ்சினுக்காகவும் வாதாடுவார் என்று எதிர்பார்த்தது நம் பக்கத்துப் பிசகு.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினைப் போடுமுன் சாவியை மட்டும் திருப்பி, எல்லா விளக்கும் எரிகிறதா என்று பாருங்கள். எரிய வேண்டியது எரியாவிட்டால் அங்கேயே நில்லுங்கள். எஞ்சினைப் போட்ட பிறகு அவை ஒவ்வொன்றும் தனித்தனியாக அணைகிறதா, சோடியாக அணைகிறதா என்று கவனியுங்கள். ஸ்கேனரில் குறியீடு இல்லை என்றால், காரின் சுயசோதனைப் பட்டியல் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். கடைசியாக, நன்றாக ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். அது தயங்கினால், டேஷ்போர்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வாங்காதீர்கள்.